மாத்தளையில் பைப்புக்குச் சாக்குச் சுற்றியது

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பைப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

யுத்த காலம். நான் மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் இருந்தேன். அலுவிகாரையில் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மகன் கனடாவில் இன்ஜினியர். மகனின் கடிதத்தோடு வாசலில் நின்றார்.

"தம்பி, அங்க குளிருக்குப் பைப்புக்குள்ள தண்ணி ஐஸாகி, பைப் வெடிச்சு, வீடெல்லாம் வெள்ளமாம். மார்கழிக்கு முதல் இஞ்சயும் சாக்குச் சுத்தச் சொல்லி எழுதியிருக்கிறான்."

மாத்தளையில் ஐஸைப் பார்க்க வேண்டுமானால் கூல்பாருக்குத்தான் போக வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "செய்றேங்க" என்றேன்.

தண்ணி டாங்கியிலிருந்து குசினிக்கு வரும் ஜி.ஐ. பைப்புகள் துருவேறியிருந்தன. புதிதாக மூன்று துண்டு, அதில் இரண்டின் முனையில் வளைவுக்கு எல்போ, போட்டுச் சாக்குச் சுற்ற வேண்டும். பைப்பைச் சுவரில் பொருத்திய பிறகு சுற்றுவதுதான் முறை. ஆனால் மாஸ்டர் கதிரையைப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை ஓடாது. அளவெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பைப்புகளுக்குச் சாக்குச் சுற்றி, கம்பியால் இறுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மறுநாள் காலை புறப்பட்டேன். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

ஆமி செக் பொயின்ட்டில் நாலு துவக்குகள் என் பக்கம் திரும்பின. சார்ஜன்ட் வந்தார். எல்லாப் பேச்சும் சிங்களத்தில்.

"என்ன இது?"

"பைப், மாத்தயா."

"சாக்கு ஏன்?"

"குளிருக்கு."

"யாருக்குக் குளிருது?"

"பைப்புக்கு."

எனக்கு வேர்த்து ஊற்றியது. சார்ஜன்ட் எல்போ இல்லாத பைப்பைத் தூக்கி ஓட்டை வழியே பார்த்தார். அந்தப் பக்கம் வானம் தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்றதும் சந்தேகம் கூடிவிட்டது. ஒன்றுமில்லாத பைப்பை எவன் மூடிக் கொண்டுபோவான்?

"கேம்புக்கு அனுப்புவோமா சேர்?" என்றான் ஒரு சிப்பாய். கேம்புக்குப் போன எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

"வீட்டைக் காட்டு. பொய்யாக இருந்தால் அங்கேயிருந்து நேரே கேம்ப்" என்றார் சார்ஜன்ட். கையைத் தூக்கச் சொன்னார்கள். பைப்பையும் எடுக்கச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு வழிதான் இருந்தது. பைப்பைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அலுவிகாரை முழுக்கப் பார்க்க நடந்தேன்.

மாஸ்டர் பெனியனோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இவ்வளவு பிந்தி?" என்றார். துவக்குகளைப் பிறகுதான் கண்டார். உடனே கடிதத்தை எடுத்து வந்து, சிங்களத்தில் சொல்லிச் சொல்லி விளக்கினார். எனக்கு உயிர் போய்விட்டது. இதை யார் நம்புவார்கள்?

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. பைப்பைச் சுற்றி வந்து சாக்கைக் கிள்ளிப் பார்த்தார்.

"நான் நுவரெலியாப் பக்கம். எங்கள் தோட்டத்தில் தை மாதம் பனி உறைந்து லீக்ஸ் பயிரெல்லாம் கருகும். பைப்பும் உறையும்." கைத்தொழில்காரனைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி 'பாஸ்' என்று என் பக்கம் திரும்பினார். "எல்போவை ஏன் விட்டாய், பாஸ்? குளிர் முதலில் அங்கேதான் பிடிக்கும். சாக்கு நனைந்தால் இன்னும் மோசம். மேலே பொலித்தீன் சுற்ற வேண்டும். இது என்ன வேலை?"

கேம்ப் பயம் போய், வேலை தெரியாதவன் என்ற வெட்கம் வந்தது.

"பாத்தீரே, மகன் சொன்னது சரிதானே" என்றார் மாஸ்டர் என்னிடம்.

"ஆனால் மாத்தளைக்கு இது எதற்கு, மாத்தயா?" என்றார் சார்ஜன்ட். மாஸ்டர் அதற்குள் தேத்தண்ணி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

இதில் கற்றது இரண்டு. பொருத்திய பிறகே சுற்ற வேண்டும். அதற்கும் முன்னால், தேவையில்லாத வேலையைத் தேவையில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். முதலாவதை அன்றே பழகிவிட்டேன்.

அடுத்த நாள் பொலித்தீன் வாங்கிக்கொண்டு போய், பைப்புகளைச் சுவரில் பொருத்திவிட்டு, மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்து பார்க்க, எல்போக்களையும் சுற்றினேன். நல்ல வெயில்.