இடது காதில் தமிழ்

விளக்குகள் அணைந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு நாற்காலியில் சற்றுச் சரிந்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்களை மூடிக்கொள்கிறார். படம் தொடங்குகிறது. எங்கள் வாரப் பத்திரிகையின் இந்திப் பட விமர்சகர் இவர்தான்.

அவருக்கு இந்தி தெரியாது. கொஞ்சம் தெரியும், சமாளிப்பார் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். சுத்தமாகத் தெரியாது. தெரிந்தவர் இடப்பக்க நாற்காலியில் இருக்கும் அவர் மனைவி. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் வேலை என்பதால் இந்தி பேசும் தெருக்களில் பாவாடை சட்டையோடு ஓடி வளர்ந்தவர். படம் முழுக்க மனைவி இவர் காதோரம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். இவர் வலது காதில் இந்தி, இடது காதில் தமிழ். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு மூலையில் இவருக்கென்று ஒரு படம் ஓடும். அதைத்தான் எழுதுவார்.

"சப்டைட்டில் போடுறாங்களே, அதைப் படிக்கலாமே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுத்தப் பாத்தா எனக்குப் பிழை தேடத்தான் தோணும்மா. அதுக்குத்தான் கண்ணாடியக் கழட்டுறதே."

உண்மைதான். பிழை திருத்துவதே அவருடைய முழுநேர வேலை. எனக்கு அடுத்த மேசை. நாங்கள் அவசரத்தில் விழுங்கிவிடுகிற ஒற்றெழுத்துகளையெல்லாம் பொறுக்கியெடுத்து உரிய இடத்தில் வைப்பார். அதனால் அலுவலகத்தில் அவர் பெயர் ஒற்றண்ணன். மூடிய கண்ணும் திறந்த காதுமாக அவர் இருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் ஒற்றன் என்றே சொல்லலாம். 'வாழ்த்துக்கள்' என்று யாராவது வேண்டாத ஒற்றோடு எழுதிவிட்டால் அன்று பகல் முழுக்க அவர் முகத்தில் ஈயாடாது.

அவர் போடும் குறிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு சொல்லை அடித்துவிட்டு, பிறகு அது அப்படியே இருப்பதுதான் சரி என்று பட்டால், அடித்ததன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பார். இருக்கட்டும் என்று அர்த்தம். வீட்டிலும் இதே வழக்கம்தானாம். "இந்த ஓட்டைக் குடையத் தூக்கிப் போடட்டுமா?" என்று அண்ணி கேட்டால் வாயைத் திறக்க மாட்டார், சாப்பாட்டு மேசையில் விரலால் புள்ளி வைப்பார். குடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

விமர்சகர் ஆனது ஒரு விபத்து. பழைய விமர்சகர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆசிரியர் அறைக்கு வெளியே வந்து, "யாருக்கய்யா இந்தி தெரியும்?" என்றார். மின்விசிறிக் காற்றில் புரூஃப் தாள்கள் பறக்கின்றன, யாராவது வேகத்தைக் குறைக்கட்டும் என்று ஒற்றண்ணன் அதே நேரத்தில் கையைத் தூக்கினார். "நல்லது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார் ஆசிரியர்.

"அப்பவே போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன். வீட்டுக்குப் போய் இவகிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு ரொம்ப காலமாச்சும்மா. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அண்ணிக்கு ஒரு பெரிய ஹோட்டலில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. எப்போதும் இரவு முறை. இவர் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். சாவி கைமாறும், பால் வாங்க வேண்டும் என்ற தகவலும் கைமாறும், அத்தோடு சரி. வாரத்தில் அண்ணிக்கு விடுமுறை வருவது புதுப்படம் வெளியாகும் நாளில். ஆக, இவர்கள் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்வது பகல் காட்சியின் இருட்டில்தான். அதுவும் ஒருவர் பேச, மற்றவர் கேட்க.

ஒருமுறை அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டேன். வேலைப் பழக்கமோ என்னவோ, அண்ணியின் குரல் அடுத்த நாற்காலியைத் தாண்டாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கும். நான் ஒட்டுக்கேட்க முன்னால் குனிய வேண்டியிருந்தது. வெறும் மொழிபெயர்ப்பு அல்ல அது. "மழை பெய்யுதுங்க. நெஜ மழை இல்ல, குழாய் மழை." "இவன் பொய் சொல்றான், அவளுக்கும் தெரியும்." "அம்மாவா வர்றவங்க பாவம், மகனவிடச் சின்னவங்க." வசனம் பிடிபடாமல் போனால் உடனே, "கொஞ்சம் லைன்ல இருங்க" என்பார். இவரும் தலையசைத்துக் காத்திருப்பார்.

இந்தக் கூத்திலிருந்து பிறக்கும் விமர்சனங்களுக்கு எங்கள் வாசகர்களிடம் தனி மவுசு. "கதாநாயகன் வீட்டுப் படிக்கட்டு மிக நீளம். இறங்கி வருவதற்குள் அவன் கோபம் ஆறிவிடுகிறது" என்று எழுதுவார். யாரோ தூக்கத்திலிருந்து எழுந்து, கண்ட கனவு கலைவதற்குள் சொல்வது போலிருக்கும். ஒரே குறை, முடிவைச் சொல்லிவிடுவார். கடைசி வரிவரை படிப்பது பிழை திருத்துபவரின் தொழில் தர்மம் என்பார்.

அந்தத் தர்மம்தான் இந்த மாதம் அவரை மாட்டிவிட்டது.

சின்னப் படம், சப்டைட்டில்கூடக் கிடையாது. மலையோர ஊர் ஒன்றில் துணி வெளுக்கும் பெண். சொல்லாமல் போய்விட்ட கணவன். படம் முழுக்கக் காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் மழை விட்டிருக்கிறது. கொடியில் ஓர் ஆண் சட்டை காய்கிறது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "கப்?" என்கிறாள். எப்போது என்று அர்த்தம். இவள் திரும்பாமலே, "கல்" என்கிறாள். திரை வெளுத்துப் படம் முடிந்துவிடுகிறது.

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்தான், கல். வந்தான், வருவான் என்று கூடவே வினைச்சொல் இருந்தால்தான் எது என்று தெரியும். இங்கே வினைச்சொல் இல்லை. அண்ணி, "நாளைக்கு" என்று காதில் சொன்னார். "அவள் இன்னமும் காத்திருக்கிறாள். சட்டை மட்டும் தயாராக இருக்கிறது" என்று அண்ணன் எழுதினார். அச்சாகும் முன்பே அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற பத்திரிகைகளெல்லாம், கணவன் நேற்றே திரும்பிவிட்டான், சுபம் என்று எழுதியிருந்தன. திரையரங்க மேலாளர் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "குடும்பத்தோட சிரிச்சிக்கிட்டு வெளிய வர்ற படத்த அழுமூஞ்சிப் படம்னு எழுதிட்டீங்களே" என்று குதித்தார். ஆசிரியர் அண்ணனை அழைத்தார்.

"கடைசிக் காட்சிய நீங்க கண்ணால பாத்தீங்களா இல்லையா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடச் சொல்லிவிட்டார் ஆசிரியர். எங்கள் திருத்தங்களையெல்லாம் இத்தனை காலம் எழுதிக் கொடுத்த மனிதர், தன்னுடையதை எழுதத் தாளை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன். நேத்து வந்துட்டான்னு சொல்ற மூஞ்சி இல்ல அது. சரி, என் காது தப்பாவே இருக்கட்டும். இனிமே கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரப் படத்துக்கு அண்ணன் தனியாகப் போனார். கண்ணாடியோடு போனார். எழுதிக்கொண்டு வந்ததை வாங்கிப் படித்தேன். சப்டைட்டிலில் எத்தனை இடத்தில் எழுத்துப்பிழை என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். கதாநாயகி பெயர்கூட இல்லை.

"படம் எப்படிண்ணே இருந்துச்சு?"

"எழுத்துதாம்மா தெரிஞ்சுது." தாளை மடித்துவைத்தார். "பக்கத்து சீட்டுல யாரோ பைய வச்சிருந்தாங்க. எடுக்கச் சொல்ல மனசு வரல." பிறகு, "எனக்கு விமர்சனம் போனாப் போகுது. அவ குரல் போயிடுச்சேம்மா" என்றார்.

எனக்கு அது தாங்கவில்லை. அண்ணியைத் தொலைபேசியில் பிடித்துக் கெஞ்சினேன். திருத்தம் எழுதும் முன் அந்தப் படத்தை மறுபடி ஒரு தடவை, மூன்று பேரும், என் செலவு என்றேன். "வர்றேன். ஆனா வாயத் திறக்க மாட்டேன்" என்ற நிபந்தனையோடு வந்தார்.

பகல் காட்சி. கூட்டம் இல்லை. அவர்கள் வழக்கமான மூலையில், நான் பின்னால். அண்ணன் கண்ணாடியைக் கழற்றவில்லை. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மலைமேல் மேகம் இறங்கியது, யாரோ தூரத்தில் பாடினார்கள், ஈரத் துணிகள் கொடியில் மெல்ல அசைந்தன. நான் இந்தி தெரியாமல் அரைத்தூக்கத்தில் அந்த ஊரிலேயே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். சொல்வதற்கு ஆளில்லாமல் அண்ணனின் தலை மட்டும் அவ்வப்போது இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நினைவு வந்தாற்போல் நிமிர்ந்துகொண்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. கொடியில் சட்டை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். இவள் பதில் சொல்வதற்குள் நான் பார்த்துவிட்டேன். திரையின் கீழ் ஓரத்தில், வாசற்படியருகில், ஒரு ஜோடி ஆண் செருப்பு. புதுச்சேறு அப்பிய செருப்பு. மழையில் நடந்து வந்து கழற்றிப் போட்டது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படாது. பிழை திருத்துபவரின் கண்ணுக்குத் தப்பவே தப்பாது. இந்த முறை அண்ணியின் தலையும் அந்தப் பக்கம் தாழ்ந்தது.

"கல்" என்றாள் அவள். திரை வெளுத்தது.

அண்ணி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு மெல்லச் சாய்ந்து அவருடைய இடது காதில், அந்தப் பழைய குரலில் சொன்னார்.

"நேத்துதாங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணியின் கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால், இடமிருந்து வலமாக, நிதானமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனார்.