எழுதிக் கொடுத்த நாலு பக்கம்

சென்னையில் பதினோரு வருடம் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தேன். கணவருக்குப் போடியில் கல்லூரி வேலை கிடைத்தபோது நிறுவனத்தைத்தான் விட்டேன், வேலையை விடவில்லை. சின்ன வியாபாரங்களுக்குக் கணினி விஷயத்தில் யோசனை சொல்லலாம், எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம், இருப்பதை எப்படிப் பத்திரப்படுத்தலாம் என்று பார்த்துச் சொல்லலாம், தேவைப்பட்டால் செய்தும் கொடுக்கலாம் என்று தனியாக ஆரம்பித்தேன். ‘கன்சல்டன்ட்’ என்று கார்டு அடித்தேன். கார்டைக் கொடுத்த இடத்திலெல்லாம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“பிரிண்டர் ரிப்பேர் பாப்பீகளா?”

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். வெளியூர்க்காரர் ஒருவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது கணவரின் அத்தை உள்ளே வந்து போனை நீட்டுவார். “இதுல படம் வர மாட்டேங்குது ஆத்தா. நீ சும்மா பொட்டி முன்னாலதான ஒக்காந்திருக்க, பாத்துக் குடு.” திரையில் இருப்பவர் காத்திருப்பார். நான் அத்தையின் போனை வாங்கி வைப்பேன். ஒரு நாள்கூட வாங்காமல் இருந்ததில்லை. என் எரிச்சலில் பாதி அவர்கள்மேல் என்றால் மீதி என்மேல்தான்.

இப்படி இருக்கும்போதுதான் என் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டு அனுப்பினார். நான் சின்ன மாமா என்பேன். போடிமெட்டுப் போகிற மலைச் சரிவில் அவருக்கு ஏலத் தோட்டமும் காய் உலர்த்துகிற ஸ்டோரும் உண்டு. சொந்தக் காய் போக, சின்னத் தோட்டக்காரர்களின் பச்சைக் காயையும் கூலிக்கு உலர்த்தி, மூட்டை கட்டி, டவுனில் இருக்கிற குடோனுக்கு இறக்கித் தரம் பிரித்து அவரவரிடம் கொடுப்பார். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. மூட்டைமேல் தோட்டக்காரர் பெயர் இருக்கக் கூடாது, நம்பர் மட்டும்தான். பெயர் தெரிந்தால் தரம் பிரிக்கிற பெண்கள் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பார்களாம். எந்த நம்பர் யாருடையது என்பது குடோன் ஆபீசில் மேசைக்கடியில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

“இது ரொம்ப மெதுவா ஓடுது ஆத்தா. என்னன்னு பாரு” என்றார்.

பார்த்தேன். மூடியைக் கழற்றியதும் ஏலக்காய்த் தோலும் தூசியும் கைப்பிடி அளவு வந்தது. உள்ளே இருந்த விவரங்களுக்கு வேறெங்கும் ஒரு பிரதி இல்லை. கரண்டுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. இரண்டு நாள் குடோனில் உட்கார்ந்து வேலை நடப்பதைக் கவனித்தேன். வீட்டுக்கு வந்து தமிழில் நாலு பக்கம் எழுதினேன். தினமும் சாயங்காலம் பிரதி எடுக்க வேண்டும், அது குடோனுக்கு வெளியே இருக்க வேண்டும், இடி மின்னலுக்கு என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாக. சென்னையில் பெரிய நிறுவனங்களுக்கு எழுதியதைவிட அதற்கு அதிகம் உழைத்தேன். பிரதி எப்படி எடுப்பது என்பதை, கம்ப்யூட்டரே பார்த்திராத ஒருவர் படித்தாலும் செய்கிற மாதிரி எழுதினேன்.

மாமா முதல் பக்கத்தைப் பார்த்தார். “இம்புட்டு எழுதியிருக்க! சரி, பாத்துக்கலாம்” என்று மேசை டிராயரில் போட்டார்.

அடுத்த மாதம் கேட்டேன். “சீசன் முடியட்டும் ஆத்தா.” சீசன் முடிந்து கேட்டேன். “இப்ப என்ன சோலி இருக்கு? அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்.” கல்யாண வீட்டில் பார்த்தபோது கேட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம், “நம்ம மருமக பயங்கரக் கெட்டிக்காரி, என்னய விட மாட்டேங்குது” என்று சொல்லிச் சிரித்தார். அதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பெரிய இடி ஒன்று இறங்கியது. எங்கள் வீட்டிலேயே மின்விசிறி நின்றுபோனது. அரை மணி நேரத்தில் போன் வந்தது. பேசியது குடோனில் எழுத்து வேலை பார்க்கிற அக்கா. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ்சில் வந்து போகிறவர், நாற்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர்.

“பொட்டி பொகையுதும்மா. வெரசா வாங்க.”

போனபோது ஒரு தீய்ந்த நாற்றம் மட்டும் இருந்தது. விவரங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என்னிடமிருந்த எல்லா வழியிலும் முயன்றேன். ஒன்றும் வரவில்லை. குடோனில் முந்நூற்றுச் சொச்சம் மூட்டை நம்பரோடு அடுக்கியிருந்தது. எது யாருடையது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என்ன ஆத்தா இது? நீ வந்து பாத்துட்டுத்தான போன?”

டிராயரைத் திறந்து அந்த நாலு பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைக்கலாம் என்று தோன்றியது. வாசலில் அதற்குள் இரண்டு தோட்டக்காரர்கள் வந்து நின்றிருந்தார்கள். வருடம் முழுக்கப் பாடுபட்டு எடுத்த காய் எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் எதிரில் யார் சொன்னது சரி என்று பேச முடியவில்லை.

“காய் எடுத்தப்ப தோட்டக்காரங்களுக்கு நம்பர் போட்டு ஸ்லிப்பு குடுத்தீகள்ல, அத வச்சுக் கண்டுபிடிக்கலாமா அக்கா?” என்று கேட்டேன்.

“குடுத்தோம். பாதிப் பேரு சட்டப் பையில வச்சே தொவச்சிருப்பாக” என்றார் அக்கா. அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு, “ஜீப்பு டிரைவருக போட்டோ எடுப்பாகளேம்மா” என்றார்.

அதுதான் வழி காட்டியது. மேலே ஸ்டோரிலிருந்து லோடு ஏற்றும்போது, வழியில் மூட்டை குறைந்தால் தன் தலையில் விழக் கூடாது என்று டிரைவர்கள் ஒவ்வொரு லோடையும் மூட்டை நம்பர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைப்பது வழக்கம். யார் தோட்டத்துக் காய் ஏறுகிறது என்று படத்தோடு குரலில் சொல்லியும் சிலர் அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் நானும் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மடிக்கணினியை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எதிரில் இருந்த அம்மா, “பிள்ளையவா வச்சிருக்க, இப்பிடிப் பிடிக்கிற?” என்று கேட்க, வண்டியே சிரித்தது.

மூன்று நாள் தோட்டம் தோட்டமாக அலைந்தேன். டிரைவர்கள் போனிலிருந்து படங்களை வாங்கினேன். தோட்டக்காரர்கள் வீட்டில் ஸ்லிப்பைத் தேடச் சொன்னேன். மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளிச் சேட்டன் பிஸ்கட் டப்பாவில் எல்லா ஸ்லிப்பையும் ரப்பர் போட்டு வைத்திருந்தார். அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. கீழே குடோனில் அக்கா ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்து நம்பர் சொல்ல, நான் மேலேயிருந்து பெயர் சொன்னேன். சிக்னல் போகும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடி வந்து நின்று கத்தினேன். கடைசியில் நாலு மூட்டை தவிர எல்லாவற்றுக்கும் ஆள் தெரிந்தது. அந்த நாலும் அண்ணன் தம்பி இருவருடையது, எது யாருடையது என்றுதான் தெரியவில்லை. அவர்களே பேசிப் பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் மாமா சொல்வது காதில் விழுந்தது. “நம்ம மருமக வச்சுக் குடுத்த கம்ப்யூட்டரு இடியில போயிருச்சு. நல்ல வேளை, நம்ம டிரைவருக போட்டோ வச்சிருந்தானுக.”

நான் எதையும் வைத்துக் கொடுக்கவில்லை. பந்தியில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மாமாவே கூப்பிட்டார். புதுக் கம்ப்யூட்டர் வைக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது, நீயும் கூட இரு என்றார். இரண்டு பேர் வந்தார்கள். மழைத் தூறலிலும் ஷூ பளபளத்தது. சுவரில் படம் காட்டிப் பேசினார்கள். தினமும் பிரதி எடுக்க வேண்டும். அது குடோனுக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்றாவது படத்திலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் எழுதிய வரிசை. ஓர் உதாரணத்துக்கு நான் சும்மா ஒரு மூட்டை நம்பர் போட்டிருந்தேன். அந்த நம்பர்கூட மாறவில்லை.

மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். “பிரமாதம் சார்! இத்தன நாளு எவனும் நமக்கு இதச் சொல்லல.”

அவர்கள் போனபின் அக்காவிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மொதலாளிதாம்மா டிராயருல இருக்கிறதையெல்லாம் அவுகளுக்குப் போட்டோ பிடிச்சு அனுப்பச் சொன்னாரு. ஒங்க பேரு முதப் பக்கத்துல இருந்துச்சு. அவுக எடுத்துட்டாக போல.”

அன்று உள்ளே திரும்பிப் போனேன். இந்த முறை பேசியே தீருவது என்று போனேன்.

“மாமா, அவுங்க காட்டினது நான் எழுதிக் குடுத்தது. ஒரு வருசமா ஒங்க டிராயர்ல இருந்தது.”

அவர் அதிரவில்லை. டீயைக் கீழே வைத்தார். “இருக்கட்டும் ஆத்தா. யாரு சொன்னா என்ன, நல்லதுதான?”

“நான் சொன்னப்ப ஏன் கேக்கல?”

அவர் அதற்குச் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. “நீ வீட்டுப் பிள்ளை. நீ சொன்னா, நம்ம பிள்ளதான, நாளைக்குச் செஞ்சுக்கலாம்னு தோணும். அவன் வெளியாளு. அவன் சொன்னாச் செஞ்சுதான் ஆகணும்.”

“நான் வீட்டுப் பிள்ளையா வரல மாமா. வேலைக்கு வந்தேன்.”

“என்னா கோவம் வருது பாரு!” என்று சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு டீ சொன்னார். டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கம்பெனிக்காரர்களில் ஒருவர் கூப்பிட்டார். “மேடம், எங்களுக்கு லோக்கல்ல ஒரு ஆள் வேணும். இன்ஸ்டாலேஷன் நீங்களே பண்ணிக் குடுத்திரலாமே? எங்க பேர்ல.”

“அந்த நாலு பக்கம் யார் எழுதினதுன்னு தெரியுமா சார்?”

“கிளையன்ட் குடுத்த டாக்குமென்ட் மேடம்” என்றார், ஒரு கூச்சமும் இல்லாமல்.

முடியாது என்றேன். கணவர், “மூணு நாள் மலையில அலஞ்சவ நீ. செஞ்சு குடுத்திருந்தா அந்தச் சனங்களுக்காவது நல்லதாப் போயிருக்குமே” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் புதுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள், இரண்டு தடவை வந்தார்கள், பிறகு போனை எடுப்பதில்லை என்று கேள்வி. தினசரிப் பிரதி என்று அவர்கள் வைத்தது தானாக நின்றுபோய் மாதக்கணக்காகிறதாம். இதைச் சொன்னது அக்கா. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். “அது நின்னா என்னம்மா, நீங்க எழுதுன தாள வச்சு நானே தெனமும் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிருறேன்” என்றார். சாப்பாட்டுப் பையைத் திறந்து தூக்குவாளிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றியிருந்த சின்ன ஹார்டு டிஸ்க்கைக் காட்டினார். மாமாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “அவருக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு ராசிங்காபுரம் பஸ்சில் ஏறிவிட்டார்.

எனக்கு இப்போது வேலை இருக்கிறது. பிஸ்கட் டப்பா சேட்டன் மலைமேல் தன் சங்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கே நான் யாருக்கும் மருமகள் இல்லை, ‘மேடம்’தான். சொன்னதைச் செய்கிறார்கள், செய்யாவிட்டால் ஏன் என்று சொல்கிறார்கள். ஆனால் அதற்கு நான் மலை ஏறிப் போக வேண்டியிருக்கிறது. குடியிருக்கிற ஊரில் என் கார்டு இன்னும் பிரிண்டர் ரிப்பேருக்குத்தான் உதவுகிறது. போன வாரம்கூட மாமா கூப்பிட்டார்.

“ஆத்தா, குடோன்ல கேமரா மாட்டலாம்னு இருக்கேன். வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்.”

“என்ன வேணும்னு எழுதி அனுப்புங்க மாமா. பாத்துட்டு, என் வேலைக்கு எவ்வளவு ஆகும்னு சொல்றேன்.”

“நமக்குள்ள என்ன ஆத்தா எழுத்து?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுத்தில் எதுவும் இன்னும் வரவில்லை.