சீனி இல்லாத காப்பி

1963. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. சாரலில் நனைந்தபடி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சீனி போடுங்க" என்கிறேன்.

"அந்தப் பேரு இங்கன வேண்டாம். எம் மவன் போன வருசம் சீனாக்காரன் சண்டைக்குப் போயி, பனியில வெறைச்சே செத்தான். கருப்பட்டி தாரேன்" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி.

கையிலிருக்கும் புத்தகத்தை மறைக்கப் பார்க்கிறேன். அதற்குள் அட்டைப்படம் அவர் கண்ணில் பட்டுவிடுகிறது.

"ஆரு இது?"

"எண்ணூறு வருஷத்துக்கு முந்தின சீன ராஜா. எதிரி எல்லைக்கு வந்தப்போ பறவைப் படம் வரைஞ்சுகிட்டு இருந்தார். பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. குளிர்தேசத்துலயே கைதியாச் செத்தார்."

கருப்பட்டியைத் தட்டிக் காப்பியில் போடுகிறார்.

"அந்த ராசா செஞ்ச தப்புக்கு அவனே பனியில செத்தான். நம்ம டெல்லி ராசாமாரு செஞ்ச தப்புக்கு எம் மவன்லா செத்தான்."