சோற்றில் விழுந்த பாறை

எங்கள் வீட்டுச் சோற்றில் கல் இருக்கும். இதைச் சொல்ல இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஐம்பதுகளில் பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்களுக்கு வயல் இருந்தது. அதை ஒட்டி அகலமாக ஒரு பாறை. அதன் மேலேயே அடுப்பு மூட்டி நெல் அவிப்போம், அங்கேயே காயப்போடுவோம். மண்களம் வைத்திருப்பவர்கள் என்றால் அப்பாவுக்கு இளக்காரம். பாறைக்களத்து நெல்லில் கல் எப்படி வரும் என்பார். வந்தால் அது அம்மாவின் குற்றம்.

அக்காவை நிச்சயம் செய்யக் கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அதற்கு முந்தின நாள் முழுக்க அம்மா முறத்தை மடியை விட்டு இறக்கவில்லை. ஆனால் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே நறுக்கென்று சத்தம். எல்லோருக்கும் கேட்டது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல அரிசி பொடைக்கறதில்லீங்களா?"

அப்பா அத்தனை பேர் முன்னாலும் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "கல்லுப் பொறுக்கத் தெரியாதவளக் கட்டீட்டு வந்து மானம் போச்சு."

கரண்டியோடு நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

அடுத்த அறுப்புக்கு அப்பா அம்மாவை நம்பவில்லை. தானே விளக்குமாற்றை எடுத்துப் பாறையைக் கூட்டிக் கழுவினார். நானும் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்ததும் உள்ளங்கையால் தடவினார். கல் குருணை ஒட்டியது. திரும்பக் கூட்டினார், திரும்பவும் ஒட்டியது. அடுப்பெரிந்த இடத்தில் நகத்தால் நெம்பினார். பாறை அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. அடியில் எறும்பு முட்டையிட்டிருந்தது. வெடிப்பில் முளைத்த அரசஞ்செடியின் வேர் நூல்நூலாக ஓடியிருந்தது. மேலே படர்ந்திருந்த சாம்பல் நிறப் பாசியை உரித்தால் அதோடும் கல் ஒட்டிக்கொண்டு வந்தது. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, போதாததற்கு எங்கள் நெருப்பிலும் வெந்து, அந்தப் பாறை எத்தனையோ காலமாக உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்ந்ததோ சிவப்பும் வெள்ளையுமாக, அச்சு அசல் எங்கள் வயலில் விளையும் மட்ட அரிசியின் நொய் போலவே. யார் கண்ணுக்கும் தப்பியிருக்கும்.

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அம்மாவிடம் சொல்ல அவருக்கு வெட்கம். நான்தான் போய்ச் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"பாறை எங்கியாவது உதிருமா கண்ணு? நாந்தான் செரியாப் பாக்கலை."

அன்று முதல் கல் கடிபட்டால் அப்பா துப்புவதில்லை. சத்தம் காட்டாமல் விழுங்கிவிடுவார். ஆனால் அந்த நறுக் மட்டும் அடுக்களை வரை கேட்டுவிடும். கேட்டதும் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.