வேலைக்காரனுக்கு நான் கொடுத்த குரல்

போன வாரம் திருப்பதி வீட்டில் என் மகள் செல்போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் காமெடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் பங்களா, வெள்ளைக்கார எஜமானர், அவர் பின்னால் கண்ணை உருட்டியபடி ஒரு கறுப்பின வேலைக்காரர். பேச்சு தமிழ் எழுத்தாகக் கீழே ஓடியது. “பேய் முதலாளிகளோடுதான் பேசும் ஐயா, நீங்களே முன்னால் போங்கள்” என்றார் அவர். மகள் சிரித்தாள். அந்தப் படத்துக்கு ஒருகாலத்தில் வசனம் சொன்னவன் நான்.

நம்ப மாட்டீர்கள். சித்தூரில் வெல்ல மண்டிக்குப் பின்னால் ஒரு வீடியோ கொட்டகை இருந்தது. கேசட்டில்கூட வெல்ல வாசனை அடிக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால், டிவி பக்கத்தில் ஒருவன் மைக்கோடு உட்கார்ந்து யார் என்ன பேசுகிறார் என்று சொல்ல வேண்டும். அதுதான் என் முதல் வேலை. எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, பத்தாவதில் இரண்டு தடவை கோட்டைவிட்டதே அதில்தான். வாயசைவைப் பார்த்து அள்ளிவிடுவேன்.

எஜமானர்களுக்குச் சுத்தமான தெலுங்கு. வேலைக்காரருக்கு மட்டும் கங்காதர நெல்லூர்ப் பக்கத்து எங்கள் காலனித் தமிழ். “வந்துக்கினே கீறேன் சாமி, கோச்சிக்காதீங்க சாமி” என்று இழுத்தால் கொட்டகையே அதிரும். அதைக் கேட்கவே மறுபடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குரல் நைனாவுடையது, என் அப்பாவுடையது. கையளவு நிலம்கூட இல்லாத நாட்களில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலக்காரரிடம் அவர் பேசிய பேச்சு. அன்றைக்கு எனக்கு வெட்கமே இல்லை.

ஒரு மத்தியானம் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு, மகன் செய்யும் வேலையைப் பார்க்க நைனா வந்தார். கொட்டகை முதலாளி அவரை முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். வேலைக்காரர் பேசும் கட்டம் வந்தது. குரலை மாற்றியிருக்கலாம். கைதட்டு ஆசை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தேன். நைனா முதலில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். பிறகு டிவியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

வெளியே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

“அந்த ஆளு நெஜமா இன்னா சொன்னான்னு உனக்குத் தெரியுமாடா?”

“தெரியாது நைனா.”

“நெலக்காரங்கைல நான் அப்பிடிப் பேசறது வயித்துக்குடா. வூட்ல உங்கைல அப்பிடியா பேசறேன்?”

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதன்பின் நான் ஊருக்குப் போனால், அம்மாவிடம் வாயோயாமல் கேலி பேசிக்கொண்டிருப்பவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். “துன்னியா” என்பார், அவ்வளவுதான். பிறகு பட்டா நிலம் கிடைத்தது, துண்டு தோளுக்கு ஏறியது. அந்தக் கேலிப் பேச்சு மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். அடுத்த பொங்கலுக்குத் தள்ளிவைப்பேன். அப்படியே அவரும் போய்ச் சேர்ந்தார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன வாரம் அந்தப் படம் முடிந்ததும், தாத்தாவைப் பார்த்தே இராத மகள், அவர் எப்படிப் பேசுவார் என்று கேட்டாள். பேசிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வீட்டுக் குரலை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. “சாமி” என்றுதான் வந்தது. அவள் சிரித்தாள்.