நான் சொன்ன கல்லிவல்லி

துபாயில் இரண்டு தமிழர்கள் முதன்முதலாகச் சந்தித்தால், ஊர்ப் பெயருக்கு அடுத்த கேள்வி "விசா எப்படி?" என்பதுதான். ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல இங்கே லிஃப்டிலும் பஸ் நிறுத்தத்திலும் பூசை முடிந்த வாசலிலும் இதைக் கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் இழுப்பவரை மேற்கொண்டு யாரும் துருவமாட்டார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது: கல்லிவல்லி. விசா முடிந்தும் போகாதவர், கம்பெனியை விட்டு ஓடி வந்தவர், எல்லாருக்கும் அதே பெயர்தான். அரபிச் சொல் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் நர்ஸாக இருப்பது பர் துபாயில் ஒரு சின்ன கிளினிக்கில். இந்தப் பேட்டையில் இந்தி தெரிந்தால் போதும். வந்த நான்கு வருடத்தில் அரபி கற்க அவசியமே வரவில்லை.

என் தம்பி சேவியரும் கல்லிவல்லிதான், அமெரிக்காவில். டூரிஸ்ட் விசாவில் போனவன் திரும்பவில்லை. ஒரு மோட்டலில் அறை சுத்தம் செய்கிறான். இவனைப் போன்றவர்களுக்குக் காகிதம் கொடுப்பதா, பிடித்து அனுப்புவதா என்று அங்கே கட்சிகள் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன. ஒருவர் வழி திறப்போம் என்கிறார், அடுத்தவர் சுவர் எழுப்புவோம் என்கிறார். மசோதா மட்டும் கரை சேருவதில்லை. குளச்சல் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்குத் தன் தொகுதி எம்.எல்.ஏ.வின் பெயர் தெரியாது. அமெரிக்க செனட்டைப் பற்றி விடிய விடியப் பேசுவாள். போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஞாயிறு பூசைக்கு ஒரு மன்றாட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். "அமெரிக்க நாட்டுத் தலைவர்கள் நல்ல மனம் பெற்று" என்று சாமியார் வாசிக்க, கோவிலே திரண்டு "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எல்லாரையும்விட உரக்கச் சொன்னது நான்தான்.

அமெரிக்கச் செய்தி ஓடினால் என் வீட்டில் சண்டை உறுதி. "சட்டத்த மீறினவன மீறினவன்னுதான சொல்லணும்?" என்பார் ஏசி டெக்னீஷியனான என் கணவர். நான் விடமாட்டேன். "அவன் யார் சோத்தப் பறிச்சான்? ஒழச்சுத் திங்கியான். மாற வேண்டியது சட்டம்." "நீ பேசாம செனட்டுக்கு நில்லு" என்று அவர் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். இப்படி நியாயம் பேசிய வாய் என்னுடையது.

வேலுச்சாமி கிளினிக்குக்கு வந்தது ஒரு மத்தியானம். அவருக்கு ஊர் சாயல்குடிப் பக்கம். டைல்ஸ் வெட்டும்போது கிழித்துக்கொண்ட உள்ளங்கை சீழ் பிடித்திருந்தது. ஐடி கார்டு கேட்டேன். "ரூம்ல இருக்கு சிஸ்டர்" என்றார். அந்தப் பதிலுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான். கார்டு இல்லாமல் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கிளினிக்கின் விதி. ஆனால் மலையாளி டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "ஆத்யம் க்ளீன் செய்யூ" என்றார், முதலில் சுத்தம் செய் என்று. வலியில் வேலுச்சாமியின் முகம் கோணியபோது பேச்சுக் கொடுப்பதற்காகத் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவரும் மனம் திறந்தார்.

"விசா இல்லாதவய்ங்களுக்குப் பொதுமன்னிப்பு விடப் போறாய்ங்கன்னு பேச்சு அடிபடுது சிஸ்டர். அதுல வெளிய போயிட்டா திரும்ப வந்துக்கலாம். அதுக்குள்ள மாட்டுனேன், கைரேகைய எடுத்துட்டு ஏத்தி விட்ருவாய்ங்க. அப்பறம் இந்தப் பக்கமே தலவச்சுப் படுக்க முடியாது. ரெண்டும் பொட்டப்புள்ளைக, படிக்குதுக."

கட்டு முடியும் முன்பே வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அறைக்குள் நின்றார். வழக்கமான லைசென்ஸ் சோதனைதான். மேசையைப் பார்த்தார், வேலுச்சாமியைப் பார்த்தார். "வேர் இஸ் ஹிஸ் ஃபைல்?" என்று என்னைக் கேட்டார். என் வேலை, என் விசா, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றன. நான் தப்பித்தால் போதும் என்றிருந்தது. விரலை நீட்டி, "சார், திஸ் மேன், கல்லிவல்லி" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். "கல்லிவல்லி?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "தய்யிப், சிஸ்டர். கல்லிவல்லி. கலாஸ்." சரி, முடிந்தது என்கிற அந்த இரண்டு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. வேலுச்சாமியைப் பார்த்து, போ என்று வாசல் பக்கம் கையை வீசினார். "யல்லா, யல்லா." அவர் பாதிக் கட்டோடு ஓடினார். மீதி கட்ட டாக்டர் பின்னாலேயே போனார்.

திரும்பி வந்த டாக்டர்தான் விளக்கினார். "அறபியில அதுக்கு 'விட்டுத்தள்ளு, போகட்டும்'னா அர்த்தம். சிஸ்டர் பெரிய கெட்டிக்காரிதான்!" பிடித்துக் கொடுக்க நான் சொன்ன சொல், விட்டுவிடுங்கள் என்ற கெஞ்சலாக இன்ஸ்பெக்டர் காதில் விழுந்திருக்கிறது. அல்லது நாங்கள் எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்று தெரிந்தே அந்த மனிதர் விட்டிருக்கலாம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. முன்பின் தெரியாத அரபிக்காரருக்கு இருந்த இரக்கம், அதே தமிழ் பேசும் எனக்கு இல்லை.

பொதுமன்னிப்பு வந்தது. வேலுச்சாமிக்கு நாட்டை விட்டுப் போக அனுமதிக்கும் அவுட்பாஸ் கிடைத்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு பை ஆரஞ்சுப்பழத்தோடு கிளினிக் வாசலில் வந்து நின்றார். உள்ளங்கை ஆறியிருந்தது.

"ஒங்கள்ட்ட மன்னிப்புக் கேக்கணும் சிஸ்டர். நீங்க அந்த வார்த்தையச் சொல்லவும், காட்டிக் குடுத்துட்டீகன்னு மனசுக்குள்ள வஞ்சுட்டேன். டாக்டர் வெவரஞ் சொன்ன பெறகுதான் தெரிஞ்சுச்சு."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது "பாத்துப் போங்க அண்ணே" என்பது மட்டும்தான். அவர் பையை என் கையில் வைத்தார்.

"ஒங்க தம்பிக்கும் அங்கிட்டு ஒங்கள மாதிரி ஒரு ஆளு கெடைக்கணும் சிஸ்டர். நான் கும்புடுற சாமிகிட்ட வேண்டிக்கிறேன்."

யார் வாழ்த்தினாலும் ஆமென் சொல்லியே வளர்ந்தவள் நான். அன்று அந்தச் சொல் வரவில்லை. அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, சொன்னபடி வேண்டிக்கொண்டும் இருப்பார். நான் இங்கே செல்லுபடியாகும் விசாவோடு முழந்தாளிட்டு அதற்கு எதிராக வேண்டிக்கொண்டிருக்கிறேன்: ஆண்டவரே, என் தம்பிக்கு என்னைப் போல ஒருத்தி கிடைத்துவிடக் கூடாது.