மைக்குக்குப் பயந்து நான் நடத்திய டிரில்

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும்போது, நாலு டேபிள் தள்ளி இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் நடந்தே போய்விடுவேன். சத்தமாகக் கூப்பிட வாய் வராது. ஒன்பதாம் வகுப்பிலும் இப்படித்தான் இருந்தேன். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் பி.டி. சார் தனக்கு உதவியாளராகப் போட்டார்.

அவருக்குத் தொண்டை கெட்டுப்போயிருந்தது. கொஞ்ச நாளைக்குச் சத்தமே போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வகுப்பில் பெண்களில் நான்தான் உயரம். "நீதாம்மா நெட்டையா இருக்க, எல்லாத்துக்கும் தெரிவல்லா" என்று காற்றாய் வந்த குரலில் சொல்லி, விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார். உயரமானவளுக்குக் குரலும் பெரிதாக இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

சத்தமில்லாத வேலைகளை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை ஈரம் தொட்டுத்தான் குத்த வேண்டும். சுண்ணாம்புக் கோடு போடும்போது கையைப் பார்த்தால் கோடு கோணிக்கொள்ளும். எதிரே இருக்கும் வேப்பமரத்தைப் பார்த்து நடந்தால் நேராக வரும். யார் பந்து வாங்கிப் போனார்களோ அவர்களை மட்டும் பந்து எங்கே என்று கேட்கக்கூடாது, பக்கத்தில் நிற்பவளைக் கேட்க வேண்டும்.

டிரில் பீரியடில்தான் மாட்டிக்கொண்டேன். "அட்டென்ஷன்" என்றேன். முதல் வரிசைக்கே பாதிதான் போய்ச் சேர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள்.

"ஏனுங்க டீச்சர், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இங்க தூங்கறவங்களுக்குக் கேக்கலீங்களாமா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்தினேன். அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்கள்.

சாமளாபுரம் பக்கத்தில் அப்போது எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். விசைத்தறி ஓடும் குடோனுக்குள், அந்தத் தடதட சத்தத்தில் வாயால் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அம்மா அந்தக் கோடியிலிருந்து கையைக் காட்டினால் அப்பா இந்தக் கோடியில் தறியை நிறுத்துவார். கையைக் கீழே அழுத்தினால் நிறுத்திவிட்டு உட்கார். மேலே தூக்கினால் ஓட்டு. விரலைச் சுற்றினால் திரும்பிப் பார். இரண்டு கையையும் விரித்தால் தள்ளிப் போ. நடை பழகும் முன்பே எங்களுக்கு இது பழகிவிடும். அதையே உட்கார், எழு, திரும்பு, விலகு என்று ஆக்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் டிரில் கடிகாரம் போல ஓடியது.

சாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீ வாயே தொறக்கல. ஒருத்தன் பிந்தாம எப்படி உக்காருதானுவ?"

ஆண்டு விழா வந்தது. முன்னூறு பேர் டிரில், வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி தலைமை. சார் என்னை அழைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கையாலேயே முடித்துவிட்டால் சரி. ஒரு இடத்தில் பிசகினாலும் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

மைக். ஊரே உட்கார்ந்திருக்கும். அம்மாவும் வருவாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பிசகும் வரக்கூடாது என்று தினமும் மேடையில் ஏறி நின்று பழக்கினேன். "வாய் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. மேடையில தெரியற கையை மட்டும் பாருங்க" என்று வரிசை வரிசையாகப் போய் மெதுவாகச் சொல்லிவைத்தேன்.

விழாவன்று முன்னூறு பேரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அதிகாரி பேசிய பிறகு டிரில். நான் மேடை ஓரத்தில், மைக் பெட்டிக்குப் பக்கத்தில் ஒண்டி நின்றேன். அதிகாரி நன்றாகத்தான் பேசினார். ஆனால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"சோம்பேறித்தனத்தைக் கீழே தள்ள வேண்டும்" என்று உள்ளங்கையை அழுத்தினார். முன்னூறு பேரும் உட்கார்ந்தார்கள். மரியாதை என்று நினைத்து அவர் சிரித்தார். "நீங்கள் உயர வேண்டும்" என்று கையைத் தூக்கினார். எழுந்தார்கள். "உலகத்தையே சுற்றி வர வேண்டும்" என்று விரலைச் சுற்றினார். முன்னூறு பேரும் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சார் மைதானத்துக்குள் ஓடினார். கத்தக் குரல் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் விரித்து விரித்து ஆட்டினார். அவர்கள் திரும்பி நின்ற பக்கம்தான் அவரும் போய் நின்றார். வரிசை அப்படியே விலகி விலகி, ஓரத்தில் இருந்தவர்கள் பெற்றவர்கள் மடியிலேயே போய் மோதினார்கள். "ஏஞ்சாமி, எங்க போறே" என்று ஒரு அம்மா மகனைப் பிடித்து உட்காரவைத்தார். அதிகாரியின் முகம் சிவந்துகொண்டே போனது. நாளைக்கு சாரை என்ன செய்வார்களோ.

எப்படி அதிகாரியின் பக்கத்தில் போய் மைக்கைப் பிடித்தேன் என்று தெரியாது.

"யாரும் கையப் பாக்காதீங்க" என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "அவரு சும்மாதான் பேசறாருங்க."

மைதானம் அடங்கி, எல்லோரும் மேடையைப் பார்த்துப் பழையபடி வரிசைக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் அதிகாரியின் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கை கட்டினால் அவருக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

தப்பித்தோம் என்று நான் மேடை நடுவில் போய் நின்று கையைத் தூக்கினேன். ஒருவரும் அசையவில்லை. மறுபடி தூக்கினேன். முதல் வரிசையிலிருந்து அன்று என்னைக் கேலி செய்த அதே பின்வரிசைக்காரியின் தங்கை சொன்னாள்.

"நீங்கதானுங்களே அக்கா கையப் பாக்க வேண்டாம்னீங்க."

சார் கீழே இருந்து மைக்கை மட்டும் காட்டினார். டிரில் முழுவதையும், உட்காருவதிலிருந்து கலைந்து போவது வரை, வாயாலேயே சொல்லி முடித்தேன்.

மேடையை விட்டு இறங்கினேன். அம்மா ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்று அவள் முன்னால் போய் நின்றேன். அவள் என் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"பேசுனதே பேசுனே கண்ணு. மொதல்ல ஒரு வணக்கம் சொல்லிப்போட்டுப் பேசியிருக்கலாமல்லொ."